முதுமையும் ஏழ்மைச் சான்றும்

வயது முதிர்ந்து உழைப்பு ஓய்ந்தவர்களுக்கு அரசாங்கம் அளிக்கும் மாதத் தொகை, முதியவர் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமா, அல்லது கையில் ஒன்றுமில்லை என்று நிரூபித்தவர்களுக்கு மட்டும் கிடைக்க வேண்டுமா என்னும் வினா, பொருளாதார நூல்களிலும் நாடாளுமன்ற விவாதங்களிலும் நூறாண்டுகளுக்கு மேலாக நடமாடி வருகிறது. ஆயினும் அந்த வினாவுக்கு நம் நாட்டில் அன்றாடம் விடை எழுதுகிறவர்கள் அறிஞர்கள் அல்லர். மனுவைக் கையில் வாங்கி, வீட்டின் கூரையை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்து, அக்கம்பக்கத்தில் இரண்டு வார்த்தை விசாரித்து, பரிந்துரைக்கலாம் என்றோ தகுதி இல்லை என்றோ குறிப்பெழுதும் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளருமே ஆவர். ஆகையால், ஏதேனும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அந்த ஊரில் ஏழ்மை என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தத்துவத்துக்குப் போவது முறையென்று நினைக்கிறேன்.

அதற்கு மூக்கண்டப்பள்ளி மிகவும் பொருத்தமான ஊர். ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, சிப்காட் முதல் கட்டத் தொழிற்பேட்டைக்கு இடமளித்த இந்தக் கிராமம், இன்று ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. சிறிது தூரம் சென்றால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கிய ராகிக் காட்டுப் பூமிக்கு, 1980ஆம் ஆண்டை ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரமும், அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் வந்து சேர்ந்தன. இருபது வயதில் அந்த ஆலைகளின் வாயிலில் வேலைக்கு நின்ற முதல் தலைமுறைத் தொழிலாளரில் பெரும்பாலோர் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். தொழில் நகரம் என்றாலே இளைஞர்களின் நகரம் என்று எண்ணும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த இளைஞர்கள் கிழவர்களாகும் நாள் வரும் என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் அவ்வளவாகச் சிந்திக்கவில்லை.

இந்த ஊரின் ஒரே தெருவில் மூன்று வகை ஓய்வூதியம் வருகிறது. பள்ளி ஆசிரியராகவோ அரசு அலுவலராகவோ 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்து ஓய்வு பெற்றவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படியோடு வருகிறது. அவருக்கு எத்தனை வீடு வாடகைக்கு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆலையில் உழைத்தவருக்கு 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, மக்கள் வாயில் பி.எஃப். பென்ஷன் என்று வழங்கும் சிறு தொகை வருகிறது. அவரையும் யாரும் கேட்பதில்லை. மூன்றாவது, ஓ.ஏ.பி. என்று படித்தவரும் படிக்காதவரும் ஒருசேர அழைக்கும் முதியோர் உதவித்தொகை. மூன்றிலும் கீழ்ப்படியில் உள்ள இதற்கு மட்டும், உன் மகன் என்ன செய்கிறான், உனக்குக் காணி உண்டா, வீடு ஓடா கூரையா என்னும் கேள்விகள் உள்ளன. மேல்நோக்கிப் போகப் போகச் சந்தேகம் குறைந்துகொண்டே போகும் இந்த விசித்திரம் நம் சமூகப் பாதுகாப்பின் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது.

இதன் வரலாறு நெடியது. முதியோரையும் அநாதைகளையும் அரசன் போஷிக்க வேண்டும் என்று கூறும் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமே, சக்தி இருந்தும் பெற்றோரைக் காவாதவனுக்கு 12 பணம் அபராதமும் விதிக்கிறது. முதற்கடமை குடும்பத்துடையது, அது தவறிய இடத்தில்தான் அரசு என்னும் எண்ணத்தின் பழைய உருவம் அது. இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், 70 வயது நிறைந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் அளித்தபோது வருமான வரம்பையும் ஒழுக்க விசாரணையையும் உடன் வைத்தது. நம் அரசியல் சாசனத்தின் 41ஆவது பிரிவு, முதுமையில் பொது உதவி பெறும் உரிமையை, அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு பேசுகிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1962 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. தமிழக நிதித்துறைச் செயலராக இருந்து பின்னர் ஆராய்ச்சியில் ஈடுபட்ட எஸ்.குகன், முதியோர் ஓய்வூதியம், குடும்பத் தலைவர் இறந்தால் உதவி, மகப்பேற்று உதவி ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு குறைந்தபட்சத் தொகுப்பை 1990களின் தொடக்கத்தில் முன்மொழிந்தார். அந்த மூன்று உறுப்புகளோடுதான் 1995 ஆகஸ்டு 15 அன்று மத்திய அரசின் தேசியச் சமூக உதவித் திட்டம் பிறந்தது. அப்போது மத்திய அரசின் பங்கு 75 ரூபாய். பிறகு அது 200 ஆயிற்று. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு இன்றும் அதே 200தான். தமிழகம் தன் கையிலிருந்து சேர்த்து 2011இல் 1,000 ஆகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ஆகவும் உயர்த்தியது.

தேவைக்கேற்பவே கொடுக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 75 லட்சம். மக்கள்தொகையில் பத்தில் ஒருவருக்கும் சற்று மேல். இன்று அந்த எண்ணிக்கை ஒரு கோடி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் மாதம் 1,200 கொடுத்தால் ஆண்டுக்கு 14,400 கோடி ரூபாய் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகனோடு அடுக்குமாடியில் வசிப்பவருக்கும் போகும். அதே பணத்தை உண்மையில் இல்லாதவர்களுக்கு மட்டும் பங்கிட்டால், ஒவ்வொருவருக்கும் 3,000 கூடக் கொடுக்கலாம் அல்லவா என்பது நியாயமான கேள்வி. ஏட்டில் இதற்கு மறுமொழி இல்லை. இல்லாதவர் யார் என்பதை ஓர் அலுவலரின் கண் கண்டுபிடித்துவிடும் என்னும் அனுமானத்தில்தான் இந்த வாதம் முழுவதும் நிற்கிறது. அந்த அனுமானத்தை மூக்கண்டப்பள்ளியில் வைத்துப் பரீட்சித்துப் பார்ப்போம்.

முதலில் சொத்து. உதவித்தொகை கோருபவரின் நிலையான சொத்துக்கு அரசு ஒரு மதிப்பு வரம்பை வைத்தது. முன்பு 50,000 ரூபாயாக இருந்தது பின்னர் ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் இந்த வரம்புக்கு ஏதோ ஓர் அர்த்தம் இருக்கலாம். தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டி நிலத்தின் விலை ஏறிய ஊரில், தாத்தன் காலத்திலிருந்து வசித்துவரும் ஒன்றரை சென்ட் இடமும் அதன் மேலுள்ள ஓட்டு வீடும் காகிதத்தில் பல லட்சம் பெறும். அந்த இடத்தை விற்றால் கிழவிக்குப் பணம் வரும், ஆனால் படுக்க இடம் இராது. விற்காவிட்டால் படுக்க இடம் உண்டு, அடுப்பில் வைக்க அரிசி ரேஷன் கடையிலிருந்து வர வேண்டும். அவள் தனவந்தையா தரித்திரையா என்பதற்கு வழிகாட்டி மதிப்பேட்டில் விடை இல்லை. அடுத்த தெருவிலோ, வரிசையாக எட்டு அறை கட்டி, வடநாட்டிலிருந்து வந்த இளைஞர்களுக்கு அறைக்கு நால்வர் வீதம் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டுக்காரரின் பட்டா மகன் பெயரில் இருக்கும். அவர் கணக்கில் ஒரு காசும் இராது. மாத வாடகை ரொக்கமாகக் கைமாறும் ஊரில் வருமானச் சான்று எதைச் சான்று கூறும்?

அடுத்தது மகன். ஆதரவற்றவர் என்ற சொல்லுக்குள் அடங்குவதற்கு, பராமரிக்கக் கூடிய ஆண் பிள்ளை இருக்கிறானா என்பது விதியிலும் விசாரணையிலும் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி. மகன் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான் என்றால் விசாரிப்பவருக்கு உடனே ஒரு சித்திரம் தோன்றிவிடுகிறது: சீருடை, கம்பெனி பஸ், தீபாவளி போனஸ். அந்த மகன் காண்ட்ராக்டில் இருக்கிறான், காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவனாகிறான், சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது என்பது மனுவில் எழுதப்படுவதில்லை. இந்த விசாரணை தாயின் வருமானத்தை அளப்பதே இல்லை. மகன் கொடுக்க வேண்டியதைக் கற்பனையாகக் கணக்கிட்டு, அதைத் தாயின் வருமானமாகக் கருதிக்கொள்கிறது. கொடுக்காத மகனிடம் வாங்கித் தர 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பெற்ற பிள்ளையின் மீது கோட்டாட்சியரிடம் வழக்குப் போட்டுவிட்டு அதே பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் படுக்கத் துணியும் தாய்மார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மருந்தின் பலன் விளங்கும். உதவி கேட்டு மனுப் போடும்போதே, என் மகன் என்னைக் கவனிப்பதில்லை என்று ஊரார் முன் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருப்பதால் மனுப் போடாமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களை எந்தப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவதாக வருபவர், என் அபிப்பிராயத்தில் இந்த ஊருக்கே உரிய பிரச்சினை: பி.எஃப். பென்ஷன் வாங்கும் முன்னாள் தொழிலாளி. இந்தத் திட்டத்தில் ஓய்வூதியம் என்பது, ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்து வருவது. அந்தச் சம்பளத்துக்கு 2014 ஆகஸ்டு வரை 6,500 ரூபாயும், அதன் பின் 15,000 ரூபாயும் உச்சவரம்பு. உண்மையில் அதற்கு மேல் வாங்கியிருந்தாலும் பெரும்பாலோருக்குக் கணக்கு அவ்வளவுதான். 2006 செப்டம்பரில் ஓர் உதிரிப் பாகத் தொழிற்சாலையில் சேர்ந்து, 2024 ஆகஸ்டில் 58 வயதில் வெளியேறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் எட்டு ஆண்டுகளுக்கு, 6,500ஐ 8ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 743 ரூபாய். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு, 15,000ஐ 10ஆல் பெருக்கி வகுத்தால் 2,143 ரூபாய். ஆக, உச்சவரம்பு முழுவதையும் தொட்ட ஒருவருக்கே பதினெட்டு ஆண்டு உழைப்புக்கு மாதம் 2,886 ரூபாய். அகவிலைப்படி கிடையாது, 2024இல் வரும் தொகையே அவர் ஆயுள் வரை. குறைந்த சம்பளத்தில் குறைந்த காலம் உழைத்தவர்களுக்காக, 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. பத்து ஆண்டு நிறையாத காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியமே இல்லை. கட்டியதற்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். காண்ட்ராக்டருக்குக் காண்ட்ராக்டர் ஒரு புதிய பி.எஃப். எண் கொடுத்த காலத்தில், 2014இல் யு.ஏ.என். என்னும் நிலையான எண் வருவதற்கு முன், துண்டு துண்டாகச் சிதறிய ஆண்டுகளை ஒன்றுசேர்க்கத் தெரியாமல் இழந்தவர்கள் அநேகர்.

இப்போது அந்தக் குறைந்தபட்சத் தொகை பெறும் ஒருவரைத் தேவைச் சோதனையின் முன் நிறுத்துங்கள். மாதம் 1,000 ரூபாய் பென்ஷன் வருகிறது என்பதால் ஆதரவற்றவர் அல்லர் என்று அலுவலர் குறித்துவிட்டால், பக்கத்து வீட்டில் ஒரு நாளும் சந்தா கட்டாதவருக்குக் கிடைக்கும் 1,200 இவருக்குக் கிடைக்காது. சம்பளத்திலிருந்து வருங்காலத்துக்கென்று ஒதுக்கியதற்குத் தண்டனை 200 ரூபாய் என்றாகிறது. தேவையைச் சோதிக்கும் எந்த ஏற்பாட்டிலும் இந்தக் குறை கூடவே வரும்: வரம்புக்குக் கீழே இருப்பவர் வரம்பைத் தொடும் அளவுக்குச் சேமித்தால், சேமித்ததை விட அதிகமாக இழக்கிறார். செல்வர்களுக்கு இதனால் யாதொரு நஷ்டமும் இல்லை. சிறிதளவு சேர்க்கக் கூடிய கீழ்நடுத்தர உழைப்பாளிதான், அதாவது சேமிக்கும்படி நாம் ஓயாமல் உபதேசிக்கும் அதே மனிதர்தான், இதில் அகப்படுகிறார்.

சோதனை இவ்வளவு கடுமையாக இருந்தும் புகத் தகாதவர்களையாவது தடுக்கிறதா? 2024 நவம்பரில் கேரள அரசு தன் சமூக ஓய்வூதியப் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1,458 அரசு ஊழியர்கள் ஏழைகளுக்கான ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருப்பது தெரியவந்தது. காகிதம் தயாரிக்கத் தெரிந்தவருக்குச் சோதனை ஒரு சம்பிரதாயம். தெரியாதவருக்கு அதுவே மதில். செல்வ நாடுகளின் அனுபவமும் வேறல்ல. பிரிட்டன் 2024 ஜூலையில், குளிர்கால எரிபொருள் உதவியை முதியோர் எல்லோருக்கும் கொடுப்பதை நிறுத்தி, வறியோருக்கான சலுகைத் தொகை பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்தச் சலுகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியோர் ஏராளம் என்பதால், குளிர்காயப் பணமில்லாதவர்களே இரு வகையிலும் இழந்தார்கள். ஓராண்டுக்குள், 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள எல்லோருக்கும் என்று அரசு பின்வாங்கியது. அங்கே வருமானம் வரித்துறையின் ஏட்டில் இருக்கிறது. நம் லைன் வீட்டு வாடகை எந்த ஏட்டில் இருக்கிறது?

எல்லோருக்கும் கொடுத்த நாடுகள் செல்வத்தில் புரண்டவை அல்ல. நேபாளம் 1995இல், இன்றைய நம் நிலையைவிட மிக வறிய நிலையில், 75 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கி, வயதை இறக்கியும் தொகையை ஏற்றியும் வந்தது. நம்மவர் பலர் குடியேறி வாழும் மொரீசியசில், தேவை பார்த்துத் தொடங்கிய ஓய்வூதியம் 1958இல் எல்லோருக்கும் உரியதாயிற்று. 2004இல் அதை வருமானச் சோதனைக்கு உட்படுத்திய அரசு 2005 தேர்தலில் வீழ்ந்தது, வந்த அரசு முதற்காரியங்களில் ஒன்றாக அந்தச் சோதனையை எடுத்தது. எல்லோரும் பெறும் உதவிக்குக் காவலர்களும் எல்லோருமே என்பதற்கு அது சாட்சி. மத்திய அரசின் 200 ரூபாய் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் கிடப்பதையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அதைப் பெறுபவர்கள் வறியோர் மட்டுமே ஆதலால், அது உயரவில்லையே என்று கேட்கும் குரலுக்கு வலுவில்லை.

வெளிநாட்டுக்குப் போவானேன்? 1997இல் மத்திய அரசு ரேஷன் பண்டங்களை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், மேலே உள்ளவர்கள் என்று பிரித்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்க மறுத்து எல்லோருக்கும் அரிசி என்பதில் உறுதியாக நின்றது. வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். வசதியுள்ளவர்களில் பலர் தாமாகவே வரிசையில் நிற்காமல் ஒதுங்கினார்கள். அதன் பலனாக, ஏழை யாரையும் பட்டியலில் விட்டுவிட்டோமோ என்னும் கவலை அரிசி விஷயத்தில் பெரும்பாலும் எழவில்லை. அரிசியில் இவ்வளவு தெளிவாக இருந்த மாநிலம், முதுமை விஷயத்தில் மட்டும் ஏன் கூரையை எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு விளங்காத சங்கதி.

என் துணிபு இது: சோதனை வேண்டாம் என்பதன்று, சோதனையின் திசையை மாற்ற வேண்டும் என்பது. ஏழை தன் ஏழ்மையை நிரூபித்து உள்ளே வருவதற்குப் பதிலாக, வசதி உள்ளவரை அரசு தன் சொந்த ஏடுகளைக் கொண்டே கண்டு வெளியே வைக்கட்டும். அரசு ஓய்வூதியம் பெறுபவர் யார் என்பது கருவூலத்துக்குத் தெரியும். வருமான வரி கட்டுபவர் யார் என்பது வரித்துறைக்குத் தெரியும். இவ்விரு வகையினரையும் நீக்கிவிட்டு, அறுபது வயது நிறைந்த மற்ற அனைவருக்கும் கேள்வியின்றிக் கொடுத்துவிடலாம். பி.எஃப். பென்ஷன் வாங்குபவரை நீக்கக் கூடாது. அவர் கட்டிப் பெற்ற தொகைக்கு மேல் இது வர வேண்டும். லைன் வீட்டுக்காரர் இந்த வலையில் தப்பிவிடுவார் என்பது மெய். அவர் பெறும் 1,200க்காக ஒன்றரை சென்ட் கிழவியின் 1,200ஐ நிறுத்திவைப்பதைவிட, இரண்டையும் கொடுத்துவிட்டு வாடகை வருமானத்துக்கு வரி வசூலிக்கும் வழியைத் தேடுவது மேல்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு, 14,400 கோடி என்னும் முழுக் கணக்கும், ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் கோடி வருவாய் வரவுள்ள மாநிலத்தில் இருபதில் ஒரு பங்குதான் என்பது ஒரு விடை. ஒரு பகுதி முதியோருக்கு இப்போதே கொடுத்து வருவதைக் கழித்தால் புதிய சுமை அதனினும் குறைவு. தன் முன்னாள் ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு மாநிலம் ஆண்டுக்கு 30,000 கோடிக்கு மேல் செலவிடுகிறது. அவர்கள் உழைத்துப் பெற்ற உரிமை அது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ராகிக் காட்டில் நாற்பது ஆண்டு களையெடுத்தவளும் உழைத்தவள்தான் என்று சொல்வதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? 1,200 போதுமா என்பது வேறு கேள்வி. போதாது, கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டிக் குப்பம் சென்றால் ஆந்திரம் 2024 முதல் 4,000 கொடுக்கிறது. அங்கும் வருமான வரம்பு உண்டு. தொகையை உயர்த்துவதா, வாசலை அகலமாக்குவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், முதலில் வாசல் என்பேன். வாசல் அகன்ற பிறகு தொகை உயர்வதற்கு ஓட்டுகளே வழி செய்யும்.

ஓர் இடர் மட்டும் இந்த ஏற்பாட்டாலும் தீராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் இருபது வயதில் வந்து, இந்தத் தொழிற்பேட்டையின் லைன் வீடுகளில் முதுமையை நோக்கி நடந்துகொண்டிருப்பவர்களுக்கு அறுபது வயது நிறையும் நாளில், அவர்களை எந்த மாநிலத்து முதியோர் என்று எழுதுவது? சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இராது. இங்கே ரேஷன் அட்டை இராது. கர்நாடகத்திலும் 2007 முதல் சந்தியா சுரக்ஷா என்னும் முதியோர் உதவி இருக்கிறது. அத்திப்பள்ளியில் குடியிருந்து ஓசூரில் உழைத்தவரை அந்த மாநிலம் தன்னவர் என்று ஏற்கும், குடியிருக்கும் இடம் அங்கே என்பதால். இவர்களுக்கோ குடியிருப்பும் உழைப்பும் இரண்டும் இங்கேதான். தொடர்ந்து பத்தாண்டு தமிழ்நாட்டில் பி.எஃப். சந்தா செலுத்தியவரை இம்மாநிலத்து முதியவராகக் கருதலாம் என்று ஒரு விதி செய்தால், அதற்கு வேண்டிய ஏடு யு.ஏ.என். எண்ணின் கீழ் இப்போதே இருக்கிறது.